புண்ணியத்துக்குக் கொடுக்கிற சோறு மாட்டு வயிற்றுக்குள் என்ன செய்கிறது? ராமேஸ்வரம் கரையிலிருந்து ஒரு விளக்கம்

ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை. வருஷத்தில் இந்த மூன்று நாளும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. கடலில் குளியல், கரையில் தர்ப்பணம், அப்புறம் ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தம். இதற்கு நடுவில் வெளியூர்க்காரர்கள் பலரும் செய்கிற இன்னொரு காரியம் உண்டு. ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி, கரையில் நிற்கும் பசுவுக்குக் கொடுப்பது. கீரையோடு வாழைப்பழம் போகும். சில பேர் பிண்டச் சோற்றையும் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுவார்கள்.

2022 டிசம்பரில் நின்றுபோன ராமேஸ்வரம் ரயில், 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்ததோடு திரும்ப வந்துவிட்டது. கூட்டம் வந்தால் லாட்ஜுக்கு லாபம், ஆட்டோவுக்கு லாபம், கீரை விற்கும் அம்மாவுக்கும் லாபம். அந்த மாட்டுக்கு?

இதைப் படிக்கிற பல பேருக்கு, "கீரை கொடுக்கிறது கூட தப்பா?" என்று கோபம் வரலாம். கீரை தப்பில்லை. சொல்லப்போனால் மாட்டுக்குக் கையில் கிடைப்பதில் குறைவாகக் கெடுதல் செய்வது அந்தக் கீரைதான். சோறு அதைவிட மோசம். சோறு வந்த கவர் எல்லாவற்றையும் விட மோசம். ஏன் இந்த வரிசை என்பது புரிய, மாட்டு வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

வயிறு இல்லை, புளிக்க வைக்கும் அண்டா

ஆட்டுக்குடல் சுத்தம் செய்து பழக்கப்பட்ட வீடுகளில் இதை விளக்கவே தேவையில்லை. டர்க்கி துண்டு மாதிரி சொரசொரப்பாக ஒன்று இருக்கும். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக ஒன்று. புத்தகத்தைப் பிரித்த மாதிரி ஏடு ஏடாக ஒன்று. கடைசியில் வழவழப்பாக ஒன்று. இந்த நாலும் சேர்ந்ததுதான் மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் வயிறு. முதலாவதைப் பெருவயிறு என்றும், இரண்டாவதைத் தேன்கூட்டு வயிறு என்றும், மூன்றாவதை ஏட்டு வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். நம்ம வயிறு மாதிரி அமிலம் சுரந்து செரிக்க வைப்பது கடைசியில் இருக்கும் நாலாவது மட்டும்தான்.

வேலை பெரும்பாலும் நடப்பது முதலாவதில். வளர்ந்த மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் சின்ன தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் செரிமானச் சாறு எதுவும் சுரப்பதில்லை. அதற்குப் பதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்தால் அதிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். புல்லையும் வைக்கோலையும் மாடு செரிக்கவில்லை; இந்த நுண்ணுயிர்கள்தான் செரிக்கின்றன. அவை நாரை உடைத்துப் புளிக்க வைக்கும்போது வெளிவரும் சில அமிலங்கள்தான் மாட்டுக்குக் கிடைக்கும் முக்கியமான எரிபொருள். பாலில் இருக்கும் கொழுப்பில் கணிசமான பங்கு கூட அதிலிருந்து வருவதுதான். கடைசியில் அந்த நுண்ணுயிர்களே அடித்துக்கொண்டு போய் நாலாவது வயிற்றில் செரித்து, மாட்டுக்குப் புரதம் ஆகிவிடும். சுருக்கமாகச் சொன்னால், நாம் மாட்டுக்குத் தீவனம் போடவில்லை, அதன் உள்ளே இருக்கும் ஊருக்குத் தீவனம் போடுகிறோம்.

இந்த ஊர் நிம்மதியாக இருக்க இரண்டு விஷயம் வேண்டும்.

முதலாவது எச்சில். மாடு ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் அசைபோடும். விழுங்கியதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மென்று மறுபடி உள்ளே அனுப்பும். தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவது என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான். அசைபோடும்போது ஊறும் எச்சில் நாளைக்கு 100 லிட்டரைத் தொடும். அந்த எச்சிலில் சமையல் சோடா மாதிரியான பைகார்பனேட் இருக்கிறது. பெருவயிற்றில் உண்டாகும் அமிலத்தை நடுநிலைக்குக் கொண்டுவருவது அதுதான். நாருள்ள தீவனம் இருந்தால்தான் மாடு அசைபோடும். சோறு, பழம், பிரெட் இதையெல்லாம் அசைபோட வேண்டிய தேவையே இல்லை. விழுங்கினால் வேலை முடிந்தது.

இரண்டாவது ஏப்பம். புளிக்கும் இடத்தில் வாயு வரும். மீத்தேனும் கரியமில வாயுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் உண்டாகிக்கொண்டே இருக்கும். பெருவயிறு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சுருங்கி விரிந்து அதை ஏப்பமாக வெளியே தள்ளும். மாட்டு டாக்டர் வந்ததும் இடது பக்க விலாவுக்குப் பின்னால் கையை மடக்கி அழுத்திப் பார்ப்பது இந்த அசைவைத்தான். அது நின்றால் எல்லாம் நின்றது என்று அர்த்தம்.

சோறு போனால் என்ன ஆகும்?

பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிகளில் ஒரு மாதிரியான கேஸ்கள் வரும். மாட்டுப் பொங்கலுக்குப் பாசத்தோடு ஊட்டிய சர்க்கரைப் பொங்கல், வீட்டில் மிஞ்சிய சாதம், வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து மாடு படுத்துவிடும். தீவனம் எடுக்காது, பால் நின்றுபோகும், புளித்த வாடையோடு கழியும். அதனால்தான் ஒவ்வொரு தை மாதமும், மாட்டுக்குப் பொங்கலை அள்ளிப் போடாதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இது. வேகவைத்த அரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நாரைத் தின்று பழகிய நுண்ணுயிர்களுக்கு நடுவில், மாவைத் தின்னும் இன்னொரு கூட்டமும் சின்ன எண்ணிக்கையில் இருக்கும். திடீரென்று சோறு கொட்டினால் இந்தக் கூட்டம் மணிக்கணக்கில் பெருகிவிடும். அது உண்டாக்குவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் பெருவயிற்றின் பி.ஹெச். அளவு 5.5-க்குக் கீழே சரியும். அந்தப் புளிப்பில் நாரைச் செரிக்கும் நல்ல கூட்டம் செத்துப்போகும். இன்னும் புளித்தால் பெருவயிறு அசைவதையே நிறுத்திவிடும். உள்ளே அமிலம் கெட்டியாகக் கெட்டியாக, ரத்தத்திலிருக்கும் தண்ணீரை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். வயிறு தண்ணீரால் தளும்பும், உடம்பு தண்ணீரில்லாமல் வற்றும். கண் உள்ளே போகும். ஒன்றிரண்டு நாளில் மாடு சாகவும் சாகும். பிழைத்தாலும் குளம்பு வீங்கி நொண்டுவது உண்டு.

ஒரு உருண்டைச் சோறு மாட்டைச் சாய்க்காது. சிக்கல் கூட்டுக் கணக்கில் இருக்கிறது. ஒருத்தர் கொடுப்பது ஒரு பிடி. காலையிலிருந்து ஐம்பது பேர் ஆளுக்கு நூறு கிராம் கொடுத்தால் ஐந்து கிலோ. அதற்கு மேல் பழம். கொடுக்கும் யாருக்கும் முன்னால் வந்தவர் என்ன கொடுத்தார் என்று தெரியாது. மாட்டுக்காரரும் அந்த நேரம் பக்கத்தில் இருக்க மாட்டார். மாடும் போதும் என்று சொல்லாது, அதுவும் மற்ற நாளில் அரை வயிறாகத் திரிகிற மாடு.

அரை வயிறு என்று சும்மா சொல்லவில்லை. ராமேஸ்வரம் ஒரு மணல் தீவு. பனை இருக்கிறது, சீமைக் கருவேலம் இருக்கிறது, மேய்ச்சல் நிலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மாவட்டமே வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற வறண்ட பூமி. வைக்கோல் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாதவர்கள் பாலைக் கறந்துகொண்டு மாட்டைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். யாத்ரீகர்கள் போடுவார்கள் என்ற நம்பிக்கை. அமாவாசையன்று விருந்து, மற்ற நாள் குப்பைத்தொட்டி. அந்த நுண்ணுயிர் ஊருக்கு இதைவிடக் கெட்ட சாப்பாட்டு அட்டவணை போட முடியாது. தீவனத்தை மாற்றுவதென்றால் ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்பது மாடு வளர்ப்பின் பாலபாடம்.

அப்போ கீரை?

அகத்தி நல்ல தீவனம். புரதம் அதிகம். கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கால்நடைத் துறையே சிபாரிசு செய்கிற மரத்தழை அது. பசித்த வயிற்றில் ஈரத்தோடு இருக்கும் இளம் பச்சைத்தழையைக் கட்டுக்கட்டாகத் தின்றால் மட்டும் வயிறு உப்பும் அபாயம் உண்டு. பயறு வகைக் குடும்பத்துத் தழைகளில் சில, பெருவயிற்றில் நுரையை உண்டாக்கும். சோப்பு நுரை மாதிரி வாயு அதற்குள் சிக்கிக்கொண்டால் ஏப்பமாக வெளியேற முடியாது. இடது பக்கம் மத்தளம் மாதிரி வீங்கி, நுரையீரலை நெருக்கி, மூச்சு விட முடியாமல் மாடு விழும். ஒரு கட்டு கீரையால் இது வராது. கட்டியிருக்கும் நைலான் கயிற்றோடு கொடுக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் நேராக அடுத்த பிரச்சனைக்குப் போகிறது.

52 கிலோ

2019 அக்டோபர். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. திருமுல்லைவாயலிலிருந்து கொண்டுவந்த ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஆபரேஷன் நடந்தது. பெருவயிற்றைத் திறந்து வெளியே எடுத்த பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ. அப்போது எல்லா சேனலிலும் ஓடிய செய்தி இது. படம் பார்த்தவர்களுக்கு அந்தக் குவியல் மறந்திருக்காது.

52 கிலோ எப்படிச் சேரும்? மாடு நாக்கால் சுற்றி இழுத்து, பெரிதாக மெல்லாமல் விழுங்குகிற பிராணி. ஆடு உதட்டால் இலை இலையாகப் பொறுக்கும், மாட்டுக்கு அந்த வித்தை கிடையாது. சாம்பார் சாதம் கட்டிய கவரை நீங்கள் முடிச்சுப் போட்டுத் தூக்கிப் போட்டால், மாடு முடிச்சை அவிழ்க்காது. கவரோடுதான் விழுங்கும். உடம்பில் உப்போ பாஸ்பரஸோ குறைந்த மாடுகள் துணி, தோல், கவர் என்று கண்டதையும் தேடித் தின்பதும் உண்டு.

உள்ளே போனது வெளியே வராது. காரணம் பெருவயிற்றின் வாசல். அங்கே ஒரு சல்லடை இருக்கிற மாதிரி, சில மில்லிமீட்டருக்குப் பொடியானதை மட்டும்தான் அடுத்த அறைக்கு விடும். வைக்கோலானாலும் அசைபோட்டுப் பொடியாகும் வரை காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் எத்தனை தடவை மென்றாலும் பொடியாகாது, நுண்ணுயிராலும் உடையாது. அதனால் அங்கேயே தங்கும். அடுத்த கவர் வந்து அதோடு பின்னும். கயிறு வந்து சுற்றும். வருஷக்கணக்கில் ஒரு பெரிய பந்தாகி, தீவனத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் கொடுமை, வெளியிலிருந்து பார்த்தால் மாடு நல்லா வயிறு நிறைஞ்சு கொழுகொழுன்னு தெரியும். முதுகெலும்பு துருத்திக்கொண்டு வயிறு மட்டும் பெருத்திருந்தால் அது செழிப்பு இல்லை.

கம்பி, ஆணி விழுங்கினால் கதை வேறு. கனமானது எல்லாம் இரண்டாவதான தேன்கூட்டு வயிற்றில் போய் விழும். அதற்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது உதரவிதானமும் கொஞ்சம் இடைவெளியும்தான். வயிறு சுருங்கும்போது கம்பி முன்பக்கமாகக் குத்திப் போய் இதய உறையையே தொட்டுவிடும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் மேயும் மாடுகளுக்கு இது அடிக்கடி நடக்கிற ஒன்று. வெளிநாட்டுப் பண்ணைகளில் இதற்காகவே மாட்டுக்குச் சின்ன காந்தத்தை விழுங்க வைத்து விடுவார்கள். அது அந்த அறையிலேயே கிடந்து ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சட்டம் இல்லாமலில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவும் சில பொருட்களுக்குத் தடை. ஆனால் யாத்திரைத் தலத்தில் பிரச்சனை கடைக்காரர் மட்டும் இல்லை. வெளி மாநிலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர் ஊரிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறார். அதை இங்கே பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கவரை இங்கேயே விட்டுப் போகிறார். கடையில் ரெய்டு போட்டு இதைப் பிடிக்க முடியாது. கரையிலேயே சோற்றுக் கழிவுக்குத் தனித் தொட்டி, அதுவும் மாட்டு வாய் எட்டாத மூடியோடு, வைத்தால்தான் நடக்கும்.

இதே கடலில் இன்னொரு பசுவும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடல்புல் மேய்கிற கடல் பசு, அதாவது ஆவுளியா. அதுவும் நுண்ணுயிரை வைத்துத்தான் புல்லைச் செரிக்கிறது. ஆனால் அதற்குப் பெருவயிறு கிடையாது, புளிக்க வைக்கும் வேலை பின்குடலில் நடக்கிறது. குதிரைக்கும் அப்படித்தான். கரையில் விடுகிற கவர் காற்றில் அடித்துப் போய் அந்தப் பசுவின் மேய்ச்சலிலும் விழுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

மழை பெய்ததும் செத்துப்போகும் ஆடு

தீவை விட்டு மண்டபம், உச்சிப்புளி தாண்டி உள்ளே போனால் மாட்டை விட ஆடுதான் ராஜா. ராமநாதபுரம் வெள்ளை என்று இந்த மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு செம்மறி இனம் இருக்கிறது. ஆட்டுக்காரர்களுக்குச் சீமைக் கருவேலம் பாதி எதிரி, பாதி சோறு. அதன் நெற்று இனிப்பாக இருக்கும், கோடையில் வேறு எதுவும் இல்லாதபோது ஆடு அதை நம்பித்தான் உயிரோடு இருக்கும். மற்ற தீவனத்தோடு கலந்து தின்னும்வரை பிரச்சனையில்லை. அதுவே முழுச் சாப்பாடாகி வாரக்கணக்கில் போனால், அதிலிருக்கும் சர்க்கரை மறுபடி அதே அமிலக் கதையைத் தொடங்கிவிடும். மாடுகளுக்கு நரம்புப் பாதிப்பும் வரும். பிரேசிலில் இந்த நெற்றையே தின்ற மாடுகளுக்குத் தாடை கோணிப்போகும் நோய் பல வருஷமாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனால் இங்கே ஆட்டுக்காரர் பயப்படுவது நெற்றுக்கு இல்லை, முதல் மழைக்கு. அக்டோபரில் மழை விழுந்து பத்து நாளில் தரை பச்சையாகும். காய்ந்த புல்லைத் தின்று பழகிய ஆடு இளம்புல்லை ஆவலாக மேயும். சாயங்காலம் நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். சில ஆடுகள் துள்ளி விழுந்து உதறிச் சாகும். அதனால்தான் இதற்குத் துள்ளுமாரி என்று பெயர். கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா ஆட்டுக் குடலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். செரிக்காத மாவும் சர்க்கரையும் குடலுக்கு வழிந்து வரும்போது அது பெருகி நஞ்சைக் கக்குகிறது. மந்தையில் நோஞ்சானை விட்டுவிட்டுக் கொழுத்த ஆட்டைத்தான் இது முதலில் எடுக்கும், ஏனென்றால் அதிகம் தின்றது அதுதான். பார்த்தவர்கள் யாரோ கண் வைத்துவிட்டதாகச் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். தடுப்பூசி இருக்கிறது. மழைக்கு முன்னால் போட வேண்டும், மழை பெய்த பிறகு போட்டால் உடனே பலன் தராது.

மாட்டுக்கு மருந்து, நாய்க்கு விஷம்

வயிறு உப்பிய மாட்டுக்கு வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், வெற்றிலை, வெல்லம் அரைத்து நாக்கில் தடவிக் கொடுப்பது நம்ம ஊர் கைவைத்தியம். தேசிய பால்வள வாரியமே மரபு வைத்தியப் பட்டியலில் இதைச் சேர்த்து விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இதையே வீட்டு நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிராணிக்கு வயிறு ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நாய்க்கு ஒரே வயிறு. உள்ளே காட்டமான அமிலம். கறியும் எலும்பும் கரைய அது வேண்டும். நாய் கெட்டதைத் தின்றால் வாந்தி எடுத்துத் தப்பித்துக்கொள்ளும், மாட்டால் நம்மைப் போல வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய் ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டுச் சுறுசுறுப்பாக ஓடினால் பயப்பட வேண்டியதில்லை. எடுக்க முயன்றும் எதுவும் வராமல் உமட்டிக்கொண்டே இருந்து, வயிறும் உப்பினால் அதுதான் ஆபத்து. வாயு நிறைந்த வயிறு தன்னைத்தானே சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கலாம். மேலும் கீழும் வழி அடைந்து, ரத்த ஓட்டமும் நிற்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒட்டியும் இருக்கும் நாய்களின் உடல்வாகுக்கு இந்த அபாயம் கூடுதல். ஒரு நாளைக்கு ஒரே வேளை வயிறு முட்டப் போட்டுவிட்டு உடனே ஓட விடுவது இதற்கு வழி செய்து கொடுக்கிறது. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கட்டி வையுங்கள். முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன்தான், அதுவும் சில மணி நேரத்துக்குள்.

கடற்கரை நாய்க்கு வேறு கண்டங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வலை உதறுகிற இடத்தில் தூக்கிப்போடும் பேத்தை மீன் கிடக்கும். ஊதிப் பெரிதாகிற அந்த மீனின் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. 2009-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் செத்தபோது ஆராய்ந்து பார்த்ததில், கரை ஒதுங்கிய ஒரு வகை ஓடில்லாக் கடல் நத்தையில் இதே நஞ்சு இருந்தது தெரியவந்தது. கருவாட்டில் உப்பு மிக அதிகம், ஆசைக்கு ஒரு துண்டு போதும். தூண்டில் முள்ளை விழுங்கி வாயில் நரம்பு தொங்கினால் பிடித்து இழுக்கவே கூடாது. முள் உள்ளே கிழிக்கும். நரம்பை அப்படியே விட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

பூனைக்குப் பச்சை மத்தி மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகள் இந்தக் கரையில் நிறைய. மீன் நல்லதுதானே என்று தோன்றும். சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து கொடுத்தால் அதிலிருக்கும் ஒரு நொதி, பூனைக்கு வேண்டிய பி1 வைட்டமினை அழித்துவிடும். எண்ணெய் அதிகமுள்ள மீனாகவே தின்றால் வைட்டமின் ஈ குறையும். வேகவைத்துக் கொடுங்கள், நடுநடுவே கோழிக்கறியோ முட்டையோ இருக்கட்டும். இன்னொன்று, எந்தச் சூழ்நிலையிலும் பூனைக்கு வீட்டு பாராசிட்டமால் கூடாது. ஒரு மாத்திரையே கொல்லும்.

சரி, அடுத்த அமாவாசைக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கீரை வாங்கினால் கயிறை அவிழ்த்து உங்கள் பையில் போட்டுக்கொண்டு, தழையை மட்டும் கொடுங்கள். பிண்டத்தைக் கடலில் கரைப்பதும் முறைதான் என்பதால் மாட்டுக்கு ஒரு சிட்டிகை போதும், மீதியைக் கரைத்துவிடலாம். நூறு ரூபாய் செலவழிக்க நினைப்பவர் அதைக் கோசாலையில் வைக்கோலுக்கோ பசுந்தீவனத்துக்கோ கொடுத்தால், மாடு அதை ஒரே நாளில் திணித்துக்கொள்ளாமல் வாரம் முழுக்கத் தின்னும்.

மாடு வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது இடது பக்கத்தை. விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் நிரம்பி வீங்கினாலோ, அசைபோடுவது நின்றாலோ, சாணி புளித்த வாடையோடு தண்ணியாகப் போனாலோ காத்திருக்காதீர்கள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எவ்வளவு சோறு, எத்தனை மணிக்குத் தின்றது என்று சொன்னால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். வண்டி வரும்வரை மாட்டைப் படுக்க விடாமல், முன்னங்கால் மேடான இடத்தில் இருக்கிற மாதிரி நிறுத்தி வையுங்கள், ஏப்பம் வெளியேற அது உதவும். பாட்டிலில் எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றித் தலையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால், வயிற்றுக்கு வந்த டாக்டர் நெஞ்சுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.